பாகூரில் பெய்யாத மழை

பாகூர் பக்கம் பத்து நாளாக மழை. சாயங்காலம் ஏழு மணி ஆனால் போதும், பிடித்துக்கொள்கிறது. பிடித்தால் விடிகிற வரைக்கும் விடுவதில்லை.

இதை நான் சொல்லவில்லை. எங்கள் டெலஸ்கோப்பின் ரிஜிஸ்டர் சொல்கிறது. 'மழை. கூரை மூடப்பட்டது' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மறுநாள் இன்னொருவர் அதையே எழுதியிருக்கிறார். மூன்றாம் நாள் எழுதியது நான்.

உண்மையில் ஒரு சொட்டுகூடப் பெய்யவில்லை என்பது போன வெள்ளிக்கிழமைதான் தெரிந்தது!

டெலஸ்கோப்பா, உனக்கு எதற்கு அதெல்லாம் என்று கேட்பீர்கள். தப்பு உங்கள் மேல் இல்லை. வாராவாரம் இந்தப் பக்கத்தில் என் ஸ்கூட்டரைப் பற்றியும் ஒதியம்பட்டு கொசுவைப் பற்றியுமே புலம்பிக்கொண்டிருக்கிறேன். நான் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவள் என்பது பல பேருக்கு மறந்தே போயிருக்கும். என் மாணவர்களுக்கே சில சமயம் மறந்துவிடுகிறது.

எங்கள் கல்லூரி வில்லியனூர் பக்கம். எங்களையும் சேர்த்து நான்கு கல்லூரிகளுக்குப் பொதுவாக, ஆராய்ச்சிக்கென்று ஒரு டெலஸ்கோப் இருக்கிறது. பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தில், வெளிச்சம் குறைந்த இடமாகப் பார்த்து, வயல்களுக்கு நடுவே ஒரு சின்னக் கட்டடம். மேலே தகரக் கூரை. மோட்டார் இழுத்தால் கூரை தண்டவாளத்தில் நகர்ந்து வானம் தெரியும். இதற்கு நாங்கள் அங்கே போக வேண்டியதுகூட இல்லை. அவரவர் கல்லூரியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபடி கூரையைத் திறக்கலாம், டெலஸ்கோப்பைத் திருப்பலாம், படம் எடுக்கலாம், மூடிவிட்டு வீட்டுக்குக் கிளம்பலாம். ஆளுக்கொரு நாள் முறை.

நாலு மருமகள் இருக்கிற வீட்டு மிக்ஸியைப் பார்த்திருக்கிறீர்களா? எல்லோருக்கும் சட்னி வேண்டும். ஜாரைக் கழுவத்தான் ஆள் கிடையாது. அதே கதைதான் இங்கேயும்.

நான்கு கல்லூரியும் கம்ப்யூட்டரிலேயே எழுதுகிற பொது ரிஜிஸ்டரில் கோளாறு எழுத ஒரு கட்டம், 'காரணம்' எழுத ஒரு கட்டம். காரணம் கட்டத்தில் ஆதி நாளிலிருந்து ஒரே பதில்தான் - எலி. ஒயர் அறுந்திருந்தால் எலி. சரி, வயல்காட்டில் எலி இருக்கும்தான். ஆனால், கேமராவின் ஸ்க்ரூ கழன்றிருந்தால்? எலி. பாஸ்வேர்டை யாரோ மாற்றிவிட்டால்? அதுவும் எலியேதான்!

யார் செய்த வேலை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால், எழுதினால் அவர் மனசு கஷ்டப்படாதா? நாளைக்கு அவர் முகத்தில் முழிக்க வேண்டாமா? அதனால், எலி.

எனக்கு இது அறவே பிடிக்கவில்லை. கமிட்டி மீட்டிங்கில் சண்டை போட்டேன். "விஞ்ஞானம் படிச்சவங்க பண்ற வேலையா இது? தப்பு பண்ணா பேரோட எழுதணும்" என்று மேஜையைத் தட்டினேன். ரிஜிஸ்டரில் 'யாரால்?' என்று புதிதாக ஒரு கட்டம் போட வைத்தேன். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். ஆறு மாதமாகிறது. போன சனிக்கிழமை வரை அந்தக் கட்டத்தில் ஒரு எழுத்துகூட விழவில்லை.

இப்போது ஆக்னஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் டிபார்ட்மெண்ட்தான். என்னைவிடப் பத்து வயது சின்னவள். வகுப்பு, இரண்டு பெண்கள், மாமியாரின் சர்க்கரை - இத்தனைக்கும் நடுவே எட்டு வருடமாக பிஎச்.டி. செய்கிறாள். ஒன்றை ஒன்று சுற்றிவரும் ஒரு ஜோடி நட்சத்திரம் அவளுடைய ஆராய்ச்சி. ஒன்று இன்னொன்றை மறைக்கும்போது வெளிச்சம் குறையும், விலகும்போது ஏறும். குறைவதை அளந்துவிட்டாள். ஏறுவதையும் அளந்துவிட்டாள். முழுசாக மறைந்து வெளிச்சம் ஆகக் குறைவாக இருக்கிற அந்த நேரம் மட்டும் சிக்கவே இல்லை. கிணற்றில் இறங்குகிற படி இருக்கிறது, ஏறுகிற படி இருக்கிறது, தரையைத்தான் காணோம்!

அந்தத் தரை நம் ஊர் இருட்டு நேரத்தில் விழுவது இந்த சீசனில் மூன்றே மூன்று மாலைகளில்தான். அப்புறம் பகலில் விழும். சூரியன் இருக்கும்போது நட்சத்திரத்தை எங்கே பார்ப்பது? தீசிஸ் கொடுக்கக் கடைசி நாளோ டிசம்பரில். இரண்டு முறை நீட்டித்தாகிவிட்டது. இனி கிடையாது என்று பல்கலைக்கழகத்திலிருந்து கடிதமே வந்துவிட்டது.

முதல் மாலை மழை. இரண்டாவது மாலையும் மழை. பாக்கி இருந்தது போன வெள்ளி மட்டும்.

"மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்திட்டேன்கா" என்றாள் ஆக்னஸ். "ஆனா இந்தத் தடவ இங்க உக்காந்துனு இருக்க மாட்டேன். அங்கயே போய்டலாம். நடுவுல ஒரு பத்து நிமிஷம் மழ வுட்டாகூட போதும், புடிச்சிடுவேன்."

வில்லியனூரில் வெயில் காய்கிறதே, பாகூரில் மட்டும் எப்படி தினமும் மழை என்று ஒருவருக்கும் தோன்றவில்லை பாருங்கள். நம் ஊர் ஐப்பசி மழை அப்படித்தானே? ஒரு தெருவில் கொட்டும், அடுத்த தெருவில் துணி காயும்.

கிளம்பினோம். என் ஸ்கூட்டர், இரண்டு ரெயின்கோட், இரண்டு குடை, லேப்டாப்பை மூட ஒரு பிளாஸ்டிக் ஷீட். பாகூர் நெருங்க நெருங்க ஒரே புழுதி. முன்னால் போன டிராக்டர் கிளப்பிய தூசியில் ஆக்னஸ் பின்னால் தும்மிக்கொண்டே வந்தாள். பத்து நாள் மழை பெய்த ஊரில் புழுதியா?

கட்டடத்து வாசலில் ஏழுமலை நின்றிருந்தார். பக்கத்து வயல்காரர். கட்டடத்துச் சாவி அவரிடம்தான் இருக்கும்.

"இன்னா டீச்சர், குடையோட வர்றீங்க?"

"மழைன்னாங்களே, ஏழுமலை."

"எங்க?"

"இங்கதான். பத்து நாளா."

அவர் வானத்தை அண்ணாந்து பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். "நாத்து வுட்டுட்டு பத்து நாளா வானத்தையே பாத்துனு கீறேன் நானு. ஒரு சொட்டு வுழல. எந்த ஊர்ல பேஞ்சிதுனு சொல்லுங்க டீச்சர், நெலத்த அங்க எட்துனு போறேன்."

ஆக்னஸ் ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றாள். "அப்ப அந்த ரெண்டு நாளும்... வானம் நல்லாத்தான் இருந்துதாக்கா?"

எனக்கு உடனே கோபம் வந்தது. எனக்குத் துக்கம் வந்தால் பின்னாலேயே கோபம் வந்துவிடும்.

எங்கள் கூரைக்கு மழையைச் சொல்லுகிற பெட்டி ஒன்று உண்டு. கூரை மோட்டாருக்குப் பக்கத்தில், சுவர் உச்சியில், வெள்ளையாக இருக்கும். அதன் மேல் ஒரு சின்னத் தகடு, தகட்டில் மெல்லிய உலோகக் கோடுகள். கோடுகளில் ஈரம் பட்டால் 'மழை' என்று சொல்லும். உடனே டெலஸ்கோப் படுத்துக்கொள்ள, கூரை தானாக மூடிக்கொள்ளும். அந்தப் பெட்டிதான் பொய் சொல்கிறது. யாரால்? சந்தேகமே இல்லை. தாமோதரன் சாரால்!

தாமோதரன் சார் வேறொரு கல்லூரி. ஆயுத பூஜைக்கு மறுநாள்தான் புது சாஃப்ட்வேர் போட்டிருந்தார். அன்றிலிருந்துதான் இந்த 'மழை'. போனில் கூப்பிட்டேன். ஒரு பெண்ணின் எட்டு வருட உழைப்பு, பொறுப்பில்லாத்தனம், கேட்காமல் எதையும் மாற்றுவது... ஐந்து நிமிடம் மூச்சுவிடாமல் பேசினேன். அந்த மனுஷன் திருப்பி ஒரு வார்த்தை பேசவில்லை. "நான் இங்கிருந்து பாக்கறேன் மேடம். லைன்லயே இருக்கேன்" என்றார். குற்றவாளிகள்தான் இப்படி அமைதியாக இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

கூரையைத் திறந்தோம். இருட்டியது. ஆக்னஸ் அவளுடைய நட்சத்திரத்தைப் பிடித்துவிட்டாள். படம் படமாக விழுந்தது. லேப்டாப்பில் வெளிச்சக் கோடு மெல்ல இறங்க ஆரம்பித்தது. தரை தட்டுவது ஏழு நாற்பதுக்கு.

ஏழு பத்துக்கு தலைக்கு மேல் கடகடவென்று சத்தம். கூரை மூடிக்கொண்டு வந்தது. ஸ்க்ரீனில் சிவப்பாக ஒரே வார்த்தை - மழை.

"நிறுத்துங்கக்கா!"

எப்படி நிறுத்துவது? பெட்டி மழை என்று சொல்லிவிட்டால் மோட்டார் யார் பேச்சையும் கேட்காது. முன்பெல்லாம் அதை மீறுவதற்கு ஒரு சாவி இருந்தது. யாரோ மழையில் கூரையைத் திறந்துவிட்டு டீ குடிக்கப் போனதால் (ரிஜிஸ்டரில்: எலி), அந்தச் சாவியைப் பிடுங்கி வில்லியனூரில் என் பீரோவில் பூட்டிவைத்தவள் நான். ஒழுங்கு வேண்டாமா?

ஆக்னஸ் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. "பரவால்லக்கா. நீங்க என்ன பண்ணுவீங்க" என்றாள். அழுதிருந்தாலே தேவலை என்று இருந்தது.

ஏழுமலை உள்ளே எட்டிப் பார்த்தார். "எதுக்கு டீச்சர் மூடிக்கிச்சு?"

"மழை பெய்யுதுன்னு பெட்டி சொல்லுது."

"எந்தப் பொட்டி?"

"மேல, மோட்டார் பக்கத்துல. வெள்ளையா, சின்னதா."

"அன்னிக்கி நீங்க பொட்டு வெச்சீங்களே, அதா? நான்தான ஏணிய புடிச்சினு இருந்தேன்."

ஏணி எங்கே என்று ஓடினேன்.

ஆயுத பூஜை அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். போன வருட பூஜையில் யாரோ பக்தி முற்றி டெலஸ்கோப் கண்ணாடியிலேயே மூன்று பட்டை விபூதி இழுத்துவிட்டார்கள். சுத்தம் செய்ய இரண்டு நாள் ஆனது. அதனால், இந்த வருடம் நான் கறாராகச் சொல்லிவிட்டேன். "யாரும் எதுலயும் கை வெக்கக் கூடாது. எதுல பொட்டு வெக்கலாம், எதுல கூடாதுன்னு எனக்குத்தான் தெரியும். நானே வெக்கறேன்."

வைத்தேன். கண்ணாடிப் பக்கமே போகவில்லை. இரும்புத் தூணுக்கு ஒன்று, கதவுக்கு ஒன்று. ஏணியில் ஏறி மோட்டாருக்கு ஒன்று. பக்கத்திலேயே அந்த வெள்ளைப் பெட்டி. எல்லோருக்கும் வைத்துவிட்டு அதை மட்டும் விட மனசு வரவில்லை. பளபளவென்று கோடு போட்ட நல்ல இடமாகப் பார்த்து, சந்தனத்தைக் குழைத்து அப்பி, நடுவில் பெரிதாகக் குங்குமம் வைத்தேன். கன்னத்தில் போட்டுக்கொண்டேன் வேறு!

பகலெல்லாம் அது காய்ந்து கிடந்திருக்கிறது. சாயங்காலம் வயல் காற்று ஈரமாக வீச ஆரம்பித்ததும் சந்தனமும் குங்குமமும் ஈரத்தை இழுத்துக்கொண்டன. கோட்டுக்குக் கோடு ஈரம் பாலம் போட்டுவிட்டது. பெட்டியைப் பொறுத்தவரை அதுதான் மழை. பாவம், அது பொய்யே சொல்லவில்லை.

ஏணியில் எப்படி ஏறினேன் என்று தெரியாது. கர்ச்சீப்பில் தண்ணீர் நனைத்து அழுத்தித் துடைத்தேன். சந்தனம் போய்விட்டது. "இப்ப?" என்று கத்தினேன்.

"இன்னும் மழைன்னுதான்கா காட்டுது!"

கீழே ஏணியைப் பிடித்திருந்த ஏழுமலை மெதுவாகச் சொன்னார். "தண்ணிய ஊத்தனா மழன்னுதான டீச்சர் சொல்லும்?"

இருபத்தாறு வருடமாக இயற்பியல் நடத்துகிறேன்!

முந்தானையால் ஒற்றினேன். பையில் அந்த வாரப் பத்திரிகை இருந்தது. அதை எடுத்து வீசு வீசென்று விசிறினேன். என் பத்தி வந்த பக்கம்தான் வெளியே இருந்தது. என் எழுத்தால் நேரடியாக ஒரு நன்மை நடந்தது அன்றைக்குத்தான்.

"காஞ்சிட்டுதுன்னு வந்துடுச்சுக்கா! ஆனா பத்து நிமிஷம் வெயிட் பண்ணச் சொல்லுது!"

அந்தப் பத்து நிமிடம் யார் வைத்தது தெரியுமா? மழை விட்டதும் ஐந்து நிமிடத்தில் கூரையைத் திறக்கலாம் என்று எல்லோரும் சொன்னபோது, பத்து என்று அடம்பிடித்தது... சரி, விடுங்கள்.

ஏணி மேலேயே நின்று விசிறிக்கொண்டிருந்தேன். ஏழு இருபத்தைந்து. ஏழு முப்பது. ஏழு முப்பத்தி இரண்டுக்கு மோட்டார் உறுமியது. கூரை விலகியது. கீழே இறங்கி ஓடினேன். போனில் தாமோதரன் சார் குரல். "மேடம், ஆக்னஸ் மேடத்த நேரா படம் எடுக்கச் சொல்லுங்க. டெலஸ்கோப்ப நட்சத்திரத்துக்கு நான் திருப்பி வெச்சுட்டேன்." அத்தனை நேரமும் லைனிலேயே இருந்திருக்கிறார். நான் திட்டியதற்கெல்லாம் பதிலாக அவர் செய்தது இது.

லேப்டாப்பில் ஒரு புள்ளி விழுந்தது. இன்னொன்று விழுந்தது. கோடு இறங்கியது, இறங்கியது, தட்டையாக நின்றது. ரொம்ப நேரம் கழித்து, மெல்ல ஒரு புள்ளி மேலே ஏறியது.

"தரைக்கா!" என்று கத்திக்கொண்டு ஆக்னஸ் என்னைக் கட்டிப் பிடித்தாள். என் கையிலிருந்த சந்தனமெல்லாம் அவள் துப்பட்டாவில். அப்போதுதான் அழுதாள், சிரித்துக்கொண்டே. நானும்தான்.

ஏழுமலை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "வேல முடிஞ்சிதா? இனிமே மழய வரச் சொல்லலாமா?"

"தாராளமா" என்றாள் ஆக்னஸ். ஞாயிற்றுக்கிழமை நிஜமாகவே வந்தது. கொட்டு கொட்டென்று கொட்டியது.

அதற்கு முந்தின நாள், சனிக்கிழமை காலையில் ரிஜிஸ்டரைத் திறந்தேன். எனக்கு முன்னாலேயே தாமோதரன் சார் எழுதி முடித்திருந்தார். லைனில் இருந்தவருக்குப் பாதி கேட்டிருக்கும், மிச்சத்தை ஏழுமலை ஒப்பித்துவிட்டார் போல.

'கோளாறு: பெய்யாத மழை. காரணம்: எலி. நடவடிக்கை: எலியே ஏணியில் ஏறித் துடைத்துவிட்டது.'

'யாரால்?' கட்டம் வழக்கம்போல் காலி.

சிரித்தேன். ஆனால், கண் கலங்கிவிட்டது. ஆறு மாதமாக இந்தப் பெருந்தன்மையைத்தான் நான் சோம்பேறித்தனம் என்று திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அதற்காக எலி வாழ்க என்று சொல்ல மாட்டேன். யோசிக்காமல் நாங்கள் ஒருவர் பின் ஒருவராக 'மழை' என்று எழுதியதில்தான் ஆக்னஸின் இரண்டு மாலைகள் போயின. அதனால், அந்தக் காலிக் கட்டத்தில் முதன்முதலாக ஒரு பெயரை எழுதினேன். என் பெயர், இனிஷியலோடு. பிறகு தாமோதரன் சாருக்கு போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். அதற்கும் "பரவால்ல மேடம்" என்றுதான் சொன்னார்.

அடுத்த ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்கப்போவது அவர்தான். ஏணியைப் பிடித்துக்கொள்ளப் போவது இந்த எலி!