சரிங்க என்றால் என்ன பொருள்

எங்கள் ஊரில் யாரும் யாரிடமும் முடியாது என்று சொல்வதில்லை. சரிங்க என்பார்கள். நீ சொன்னது காதில் விழுந்தது என்று அதற்குப் பொருள். செய்கிறேன் என்று பொருள் இல்லை. வெளி மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வந்த அதிகாரிகள் இது புரியாமல் மாதக்கணக்கில் ஏமாந்ததை, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற நான் நிறையவே பார்த்திருக்கிறேன். அப்போதெல்லாம் சிரிப்பு வந்தது. என் தம்பி மகள் மைசூர் கிளம்பிய அன்றோடு அது போய்விட்டது.

அவள் பெருந்துறைப் பக்கம் ஒரு கல்லூரியில் பொறியியல் படிக்கிறாள். செமஸ்டர் லீவில் தோழிகளோடு மைசூர் போவதாகத் திட்டம். பகல் பஸ், இருட்டுவதற்குள் போய்ச் சேரும் நேரம், தங்குமிடத்தின் முகவரி எல்லாவற்றையும் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். குறை கண்டுபிடிப்பதுதான் என் உத்தியோகமாக இருந்தது. அவள் திட்டத்தில் ஒன்றும் அகப்படவில்லை.

குறை கண்டது என் தம்பிதான். கோயமுத்தூரில் பம்புசெட் உதிரிபாகப் பட்டறை வைத்திருக்கிறவன்.

"பொம்பளப் புள்ளைங்க தனியா பஸ்ல போறதுங்களாக்கா? நம்ம வண்டி இருக்குது, நம்மாளு ஓட்டறாரு. பாதுகாப்பாப் போயிட்டு வரட்டும்."

நம்ம வண்டி என்றால் அவன் சம்சாரத்துக்குத் தூரத்து உறவான ஒருவருடைய வேன். வெள்ளை போர்டு. சொந்த உபயோகத்துக்கு என்று பதிவு செய்துவிட்டு, வாரம் தவறாமல் வாடகைக்கு ஓடுகிற வண்டி. வாடகைக்கு ஓடினால் மஞ்சள் போர்டு வேண்டும், பெர்மிட் வேண்டும், தகுதிச் சான்று வேண்டும், மாநிலம் தாண்டினால் அதற்குத் தனி அனுமதி வேண்டும். இது எதுவும் இல்லாமல் வாடகைக்குப் போய் அடிபட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிடும். இப்படிக் கைவிரிக்கப்பட்டவர்கள் என் மேசைக்கு முன்னால் வந்து நின்று அழுதிருக்கிறார்கள். அவர்களும் நம்ம வண்டி என்றுதான் நம்பி ஏறியிருந்தார்கள்.

கிளம்புகிற அன்று காலையில் நான் தம்பி வீட்டுக்குப் போனேன். டிரைவருக்கு என் தம்பி வயது இருக்கும். கண்கள் இரண்டும் செக்கச்செவேல் என்று இருந்தன.

"ஏனுங்க, பெர்மிட் இருக்குதுங்களா?"

அவர் என் தம்பியைப் பார்த்துச் சிரித்தார். "நம்ம வண்டிங்கம்மா. யாரு கேக்கப்போறாங்க?"

"இப்ப நான்தான் கேக்கறேன்."

"அக்கா, நீங்க ரிட்டயர்டு ஆகிப் பல நாளாச்சு. நம்ம ஊட்டு வாசல்லயே செக்கிங்குங்களா?" என்றான் தம்பி. எல்லோரும் சிரித்தார்கள். கண் ஏன் இப்படிச் சிவந்திருக்கிறது என்று கேட்டதற்கு, "கிளம்பற நேரத்துல இப்படியெல்லாம் கேக்காதீங்க அண்ணி" என்று அவன் சம்சாரம் என்னை நகர்த்தினாள். பிறகு டிரைவரிடம், "பாத்துப் போங்க, மெதுவாப் போங்க" என்றாள்.

"சரிங்க" என்றார் அவர்.

பிறகு நடந்ததைத் தம்பி மகள் சொல்லித்தான் தெரியும். புளியம்பட்டி தாண்டியதும் வண்டி வலது பக்கமாக இழுக்க ஆரம்பித்திருக்கிறது.

"அண்ணா, கொஞ்சம் மெதுவாப் போங்க."

"சரிங்க அம்மணி."

வேகம் குறையவில்லை.

"அண்ணா, ஒரு டீ குடிச்சுட்டுப் போலாங்களா?"

"போலாங்க அம்மணி."

டீக்கடைகள் வரிசையாகப் பின்னால் போயின. எதிரில் ஒரு லாரி ஹாரனை விடாமல் அடித்தபோது, முன் இருக்கையில் இருந்த தோழி திரும்பிப் பார்த்திருக்கிறாள். டிரைவருடைய தாடை நெஞ்சில் இருந்திருக்கிறது. அவள் கத்தியதில் அவர் விழித்து ஸ்டியரிங்கைத் திருப்பினார். லாரி உரசாமல் போனது.

"அண்ணா, நிறுத்துங்க."

"சரிங்க, முன்னால நெழலாப் பாத்து நிறுத்தறனுங்க."

முன்னால் இருந்தது சத்தியமங்கலம். அதைத் தாண்டினால் காடு. காட்டைத் தாண்டினால் திம்பம் மலையின் கொண்டை ஊசி வளைவுகள். அப்போதுதான் என் தம்பி மகள் சொன்னாள்:

"வண்டிய நிறுத்து."

உடனே நின்றது. அத்தனை மரியாதைக்கும் நிற்காத வண்டி, ஒரு 'ங்க' குறைந்ததும் நின்றது.

பெண்கள் பையை எடுத்துக்கொண்டு இறங்கி, ஆட்டோ பிடித்துச் சத்தியமங்கலம் பஸ் நிலையம் போய், மைசூர் பஸ் ஏறினார்கள். ஊர் சுற்றினார்கள். நிறையப் போட்டோ எடுத்துக்கொண்டு, முழுசாகத் திரும்பி வந்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டில் பஞ்சாயத்து. வண்டிக்குச் சொந்தக்காரரான வேன்காரர் வெள்ளைச் சட்டையில் வந்து சோபாவில் உட்கார்ந்தார். டிரைவர் கதவோரம் நின்றார். வழக்கு, டிரைவர் தூங்கினாரே என்பது இல்லை. தம்பி மகள் நிறுத்து என்றாளே என்பது.

"அப்பன் வயசுங்க அவருக்கு. காசு பணம் கெடக்குதுங்க, மரியாதைன்னு ஒண்ணு இருக்குதில்லீங்க?" என்றார் வேன்காரர்.

தம்பி தன் மகளைக் கூப்பிட்டான். "மன்னிப்புக் கேட்டுரு கண்ணு. கேக்கலீன்னா இனி லீவுக்கு எங்கயும் அனுப்ப மாட்டேன்."

பெற்ற மகள் உயிரோடு எதிரில் நிற்கிறாள். அவனுக்குத் தேவைப்பட்டது ஒரு விகுதி. பெர்மிட்டைப் பற்றியும் இன்சூரன்ஸைப் பற்றியும் நான் விளக்கமாகச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "சரிங்க்கா" என்றான்.

தம்பி மகள் டிரைவரைப் பார்த்தாள். "அண்ணா, மரியாதை இல்லாமப் பேசுனதுக்கு மன்னிச்சுக்குங்க. நீங்க தூங்குனீங்களா இல்லீங்களா, அத மட்டும் சொல்லிப் போடுங்க."

அவர் தரையைப் பார்த்தபடியே சொன்னார். "திருப்பதி டிரிப்பு முடிச்சு விடியறப்பதான் வந்தனுங்க அம்மணி. ஒடனே மைசூர் போறியான்னு ஓனர் கேட்டாருங்க. சரிங்கன்னுட்டேன். சொக்கிப் போச்சுங்க."

வேன்காரர் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். "காப்பி ஆறுதுங்க, எடுத்துக்குங்க" என்றாள் தம்பி சம்சாரம். எடுத்துக்கொண்டார்கள். அதுவரை டிரைவரையே கோபமாகப் பார்த்துக்கொண்டிருந்த நான், சோபா பக்கம் திரும்பினேன். அங்கே காப்பி நன்றாக இருப்பதாகப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது.

அவர்கள் போன பிறகு தம்பி தீர்ப்புச் சொன்னான். "இனிமே ஒரு டிரிப்பும் வேண்டாம். ஊட்லயே இருந்தா ஒரு பிரச்சனையும் இல்ல." தூங்கினவருக்கு இல்லை, தூங்கவிடாமல் அனுப்பினவருக்கு இல்லை, வண்டியை அமர்த்திக் கொடுத்தவனுக்கும் இல்லை. விழித்துக்கொண்டிருந்தவளுக்குத் தண்டனை.

என் பழைய அலுவலகத்துக்குப் போன் செய்து, வண்டி எண்ணோடு புகார் சொன்னேன். எழுத்திலும் அனுப்பினேன். எந்தப் பிரிவில் என்ன நடவடிக்கை என்பதையும் நானே குறித்துக் கொடுத்தேன். "சரிங்க மேடம், பாத்துக்கறோங்க" என்றார்கள். போன முகூர்த்தத்துக்கு அவினாசி ரோட்டில் அந்த வேனைப் பார்த்தேன். அதே வெள்ளை போர்டு. ஜன்னல் நிறையக் கல்யாண வீட்டுப் பெண்கள்.

அடுத்த லீவுக்குத் தம்பி மகள் என் வீட்டுக்கு வந்து தங்கினாள். அத்தை வீட்டில் இருப்பது வீட்டில் இருப்பதாகத்தானே கணக்கு. ஒரு நாள் காலையில் தம்பி போன் செய்தான்.

"அக்கா, கொச்சி அது இதுன்னு புள்ளைங்க என்னமோ பேசிட்டிருந்தாங்களாம். நீங்க அவள எங்கயும் அனுப்பாதீங்க்கா."

தம்பி மகள் வாசலில் உட்கார்ந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தாள். பகல் ரயில். டிக்கெட் உறுதியாகியிருந்தது. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, அவளுடைய தண்ணீர் பாட்டிலை நிரப்பி மூடினேன்.

"சரிப்பா" என்றேன்.