இஸ்திரிக்காரியும் இடது பக்கமும்

மூளையில் ரத்தம் அடைத்துக்கொண்டதில் இஸ்திரிக்காரிக்குக் கைகால் விழவில்லை, பார்வையும் கெடவில்லை. உலகத்தின் இடது பாதி மட்டும் அவள் கவனத்திலிருந்து கழன்றுவிட்டது. தட்டில் வலப்பக்கம் இருந்ததைத் தின்றுவிட்டுக் கை கழுவினாள். கடைக்குத் திரும்பிய அன்று ஒரு சட்டையின் வலப்பாதி மின்ன, இடப்பாதி கசங்கியபடியே கிடந்தது. அவளுடைய இடது கையும் அதே பலகையில் மறந்துபோய்க் கிடந்ததைக் கணவர் பார்த்தார். இஸ்திரிப் பெட்டியைப் பிடுங்கி அலமாரிமேல் வைத்தார். இருபத்திரண்டு வருஷம் பெட்டி பிடித்தவள் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

மருத்துவமனையில் பயிற்சி கொடுத்த பெண், அவளுடைய மூக்குக்கண்ணாடிக் கொம்பில் பட்டாணி அளவு சென்சார் ஒன்றைப் பொருத்தினாள். தலை அரை நிமிஷம் இடப்பக்கம் திரும்பாவிட்டால் பொட்டோரம் கிர்ரென்று சத்தத்தோடு குறுகுறுக்கும். அது ஒரு தடவையும் குறுகுறுக்காமல், சூடில்லாத பெட்டியால் பத்துச் சட்டை தேய்த்துவிட்டால் பிளக் சொருகலாம் என்று ஏற்பாடு. இஸ்திரிக்காரி அந்தச் சென்சாருக்கு நாத்தனார் என்று பேர் வைத்தாள்.

கணவர் கறுப்புச் சட்டையில் சாக்பீஸ் தூள் தூவிக் கொடுப்பார்; பெட்டி போன தடம் தெரியும். நாலு நாளாக அவள் ஒரு இடமும் விடவில்லை. நாத்தனாரோ ஓயவே இல்லை. கருவி கோளாறு என்று முடிவுகட்டி அந்தப் பெண்ணைக் கடைக்கே வரவழைத்தார். அவள் ஒரு சட்டை முடியும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அக்கா, பாதி தேய்ச்சதும் சட்டையைச் சுத்தி வலப்பக்கம் கொண்டாந்துடுறீங்க. கழுத்து அசையவே இல்ல.”

“வேலை முடிஞ்சுதா இல்லையா?”

“முடிஞ்சுது. சூடான பெட்டி இடது கைமேல போனா? கையையும் சுத்தி வெச்சுக்குவீங்களா?”

அந்தப் பெண் போனதும் இஸ்திரிக்காரி கணவரிடம் துணிக்கிளிப் வாங்கிச் சட்டையைப் பலகையோடு நாலு மூலையிலும் கவ்வ வைத்தாள். இனிச் சட்டை நகராது, கழுத்துதான் நகர வேண்டும். ஒரு வாரம் பிடரி வலித்தது. அதற்கு அடுத்த வாரம் நாத்தனார் சத்தம் போடாமலே பத்தாவது சட்டையும் முடிந்தது.

பெட்டி சூடேறியது. இஸ்திரிக்காரி இடப்பக்கம் திரும்பி, தன் கை இருக்குமிடம் பார்த்து, அதைக் காலர் ஓரத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டுத் தேய்த்தாள். ஆவி எழுந்தது. பிளக்கில் கை வைத்தபடி நின்ற கணவர், சத்தமே காணோமே, நாத்தனாருக்கு சார்ஜ் போட்டாயா என்று கேட்டார்.

“போட்டாச்சுங்க. இடப்பக்கம் நின்னு வெளிச்சத்தை மறைக்கிறீங்க, தள்ளி நில்லுங்க.”

அவர் தள்ளி நின்றார்.