திருப்பிக் கேட்ட ஆமென்

போன வருடம் ஒக்டோபர் மாதம் என் மகள் ஜெமிமா சாப்பிடுவதை நிறுத்தினாள். காய்ச்சல் இல்லை, காதல் கீதல் என்றும் ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் எந்தப் பல்கலைக்கழகத்துக்கு முதலில் விண்ணப்பிப்பது என்ற ஒரேயொரு கேள்விதான் காரணம். கேட்டால் சிரிப்பு வரும். தொடக்கத்தில் நானும் சிரித்தேன். பிறகு பல வாரங்களுக்கு எங்கள் வீட்டில் ஒருவரும் சிரிக்கவில்லை.

ஆண்டவருடைய பிள்ளைகளே, நான் சாட்சி எழுதுகிற ஆள் இல்லை. சபையில் என்னைத் தெரிந்தவர்களுக்கு அது தெரியும். ஞாயிறு பின்னேரம் நோர்வேக்காரர் தங்கள் ஆராதனையை முடித்துவிட்டுப் போன பிறகு, அவர்களுடைய தேவாலயத்து மண்டபத்தில் நாங்கள் கூடுவோம். நான் பின்வரிசையில் இருப்பேன். முடிந்ததும் கதிரைகளை அடுக்கிவிட்டு, யாராவது தலையில் கை வைத்து ஜெபிக்க வருவதற்குள் காரை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டுவிடுவேன். அப்படிப்பட்டவனுக்கும் ஆண்டவர் காது கொடுத்தார் என்பதைச் சொல்லாமல் விட்டால் நான் நன்றி கெட்டவன்.

எங்கள் வீடு ஒஸ்லோவின் ஓரத்தில், ஹொல்ம்லியாவில். மனைவி சுகந்தி முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். ஜெமிமா எங்களுடைய ஒரே பிள்ளை. கலியாணமாகி வெகுகாலம் பிள்ளையில்லாமல் இருந்து, சுகந்தி உபவாசமிருந்து அழுது கேட்டுப் பிறந்தவள். அதனால் அவளுடைய பல் முளைத்ததிலிருந்து எல்லாமே எங்கள் வீட்டில் ஆண்டவருடைய காரியம். எதையும் சாதாரணமாக எடுக்க சுகந்தியால் முடியாது.

பத்தாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தில் ஒரு பனியாற்றைப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார்கள். மற்றப் பிள்ளைகள் படம் எடுத்துக்கொண்டு வந்தார்கள், இவள் பைத்தியம் பிடித்து வந்தாள். பழைய பனிக்குள் பழைய காலத்துக் காற்று அடைபட்டுக் கிடக்குமாம். அதை உடைத்துப் பார்த்தால் மனிதர் இல்லாத காலத்தில் உலகம் எப்படி மூச்சுவிட்டது என்று தெரியுமாம். சோறு சாப்பிடும்போதும் பனி, படுக்கப் போகும்போதும் பனி. இந்த நாட்டுக் குளிரைத் திட்டித் திட்டியே கிழவனானவன் நான். எனக்கு இப்படி ஒரு பிள்ளை.

எங்கள் சபைக்கு வரும் லதா தமிழ்நாட்டுக்காரி. கணவருக்குக் கணினி நிறுவனத்தில் வேலை. எங்களுக்கு அமெரிக்கா என்றால் தொலைக்காட்சியில் பார்ப்பது, அவர்களுக்கு அது பக்கத்து ஊர். அவளுடைய மகன் அங்கே படிக்கப் போன விபரம் எல்லாம் அவள்தான் சொன்னாள். நல்ல தனியார் பல்கலைக்கழகங்களில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. நவம்பர் முதலாம் தேதிக்குள் முன்கூட்டியே விண்ணப்பித்தால் கொஞ்சம் கூடுதல் வாய்ப்பு உண்டு. ஆனால் அதற்கு ஒரு கட்டு இருக்கிறது.

“ஒரே ஒரு காலேஜுக்குத்தான் அப்படிப் போட முடியும், அண்ணா. கிடைச்சா போயே ஆகணும். அப்பா அம்மாவும் கையெழுத்துப் போடணும்,” என்றாள் லதா.

கிட்டத்தட்டக் கலியாணம் மாதிரித்தான் என்று நான் பகிடி விட்டேன். ஜெமிமா சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் கடைசியாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

அவள் மனதில் இரண்டு இடங்கள் இருந்தன. ஒன்று பெரிய நகரத்தில் உள்ள பெரிய பெயர். கலியாண வீட்டில் அந்தப் பெயரைச் சொன்னால் பக்கத்து மேசையும் திரும்பிப் பார்க்கும். மற்றது காட்டுக்கு நடுவில் ஒரு சின்னக் கல்லூரி. நம் சனத்தில் ஒருவரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அங்கே பனியை வைத்து ஆராய்ச்சி செய்யும் ஒரு கூடம் இருந்தது, முதலாம் வருடப் பிள்ளைகளையும் உள்ளே விடுவார்கள். அந்தக் கல்லூரியின் படத்தைக் காட்டும்போது அவளுடைய குரலே மாறும். இரண்டு இடத்திலும் உதவித்தொகை உண்டு என்றபடியால் அது பிரச்சினையாக இருக்கவில்லை.

சுகந்தி பெரிய பெயரைத்தான் விரும்பினாள். பெருமைக்காக மட்டும் என்று சொல்லமாட்டேன். ஆண்டவர் கொடுத்த பிள்ளைக்கு ஆண்டவர் பெரியதைத்தான் வைத்திருப்பார் என்று அவள் உண்மையாகவே நம்பினாள். தாயும் மகளும் ஒரு மாதமாக இழுபறிப்பட்டார்கள். கடைசியில், ஆண்டவரிடமே கேட்போம் என்று சுகந்தி சொன்னபோது ஜெமிமா மறுக்கவில்லை. அவளும் விசுவாசி. எங்கள் மூவரிலும் கூடுதலாக விசுவாசிக்கிறவள் அவள்தான் என்பது என் எண்ணம்.

நம்மவர்களிடம் சீட்டுப் போட்டுப் பார்க்கும் வழக்கம் உங்களுக்குத் தெரியும். வீடு வாங்கவும் போடுவோம், பிள்ளைக்குப் பெயர் வைக்கவும் போடுவோம். அந்த ஞாயிறு சபையே உபவாசமிருந்து ஜெபித்தது. இரண்டு பெயரும் எழுதிய இரண்டு சீட்டுகளைக் காணிக்கைப் பைக்குள் போட்டார்கள். யாருடைய காரியமோ அவரே எடுக்க வேண்டும் என்பதால் ஜெமிமா முன்னால் போய்க் கண்ணை மூடிக் கையை விட்டாள். வந்தது பெரிய பெயர். போதகர் வாசித்தார். மண்டபம் முழுக்க ஆமென் என்றது. சுகந்தி முழங்காலில் விழுந்து அழுதாள். நானும் வாய்க்குள் ஆமென் சொன்னேன். எல்லோரும் சொல்லும்போது சும்மா இருக்க முடியாதே.

அடுத்த ஞாயிறு சுகந்தி முழுச் சபைக்கும் ரோல்ஸ் பொரித்துக்கொண்டு போனாள். இடமே கிடைத்துவிட்டதுபோல எல்லோரும் ஜெமிமாவுக்குக் கைகொடுத்தார்கள்.

அவள் அந்தப் பல்கலைக்கழகத்துக்குக் கட்டுரை எழுத உட்கார்ந்தாள். ஏன் எங்களிடம் படிக்க விரும்புகிறாய் என்று அவர்கள் கேட்டிருந்தார்கள். நாட்கணக்காக உட்கார்ந்தும் ஒரு வரி வரவில்லை. பிறகு உட்காருவதும் நின்றது. சாப்பாடு கோப்பையிலேயே காய்ந்தது. பள்ளிக்கூடத்துக்கு என்று காலையில் வெளிக்கிடுவாள், ரயிலில் ஏறி லில்லெஸ்ட்ரோம் வரைக்கும் சும்மா போய்த் திரும்பி வருவாள். இது எனக்குப் பிறகுதான் தெரியும். கேட்டால் ஒன்றுமில்லை என்பாள். சுகந்தி இது சாத்தானின் சோதனை என்று இன்னும் அதிகமாக உபவாசம் எடுத்தாள். ஒரே வீட்டில் இரண்டு பேர் சாப்பிடாமல் இருந்தார்கள், நான் தனியே மேசையில் இருந்து சாப்பிட்டேன்.

ஒரு வியாழக்கிழமை வேலையிடத்துக்குப் பள்ளிக்கூடத் தாதி தொலைபேசி எடுத்தார். உங்கள் மகளின் சம்மதத்தோடுதான் அழைக்கிறேன் என்று மெல்லச் சொன்னார். காலையில் கண் விழிக்காமல் போனால் நல்லது என்று பிள்ளை அவரிடம் சொல்லியிருக்கிறாள். இன்றைக்கே வைத்தியரிடம் கூட்டிப் போங்கள் என்றார். நான் நின்ற இடத்தில் அப்படியே தரையில் இருந்துவிட்டேன். என்னோடு வேலை செய்யும் போலந்துக்காரர் தண்ணீர் கொண்டுவந்து தந்தார்.

வைத்தியரிடம் கூட்டிப் போனேன். அவர் நிதானமாகக் கேட்டார், உடனே ஆட்களோடு கதைத்து உதவிக்கு ஒழுங்கு செய்தார், வீட்டில் தனியே விடவேண்டாம் என்றார். அவருக்கும் அந்தத் தாதிக்கும் என் நன்றியை இங்கே எழுதுகிறேன். ஜெபிக்கிறோம் என்று யாரும் வைத்தியரை விட்டுவிடாதீர்கள்.

திரும்பி வரும்போது காரில் அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தாள். ஏனம்மா என்று கேட்டேன்.

“பள்ளிக்கூடத் தாதியிட்டைச் சொன்னது உண்மைதான், அப்பா. நான் மற்றதைத் தரச்சொல்லிக் கேட்டுக்கொண்டுதான் கையை விட்டனான். எனக்கு உயிரான ஒண்டைக் கடவுளுக்குப் பிடிக்கேல்லை எண்டால், அவருக்கு என்னையே பிடிக்கேல்லை எண்டுதானே அர்த்தம்?”

இதற்கு நான் என்ன சொல்ல? அது வெறும் கடதாசித் துண்டு என்று சொன்னால், அவள் பிறந்த கதையிலிருந்து எல்லாமே பொய்யாகிவிடும். ஆண்டவர் சொன்னார் என்றால், என் பிள்ளை செத்துப்போவாள். நாடு விட்டு ஓடி வந்தபோதும் நான் இப்படிப் பயந்ததில்லை. அப்போது போவதென்றால் என் உயிர் மட்டும்தான்.

வீட்டுக்கு வந்ததும் சுகந்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கையெழுத்து வைக்கமாட்டேன் என்றும் சொன்னேன். “ஆண்டவர் சொன்னதை நான் எப்பிடி மாத்திறது, இஞ்சேருங்கோ?” என்று கேட்டாள். கோபத்தில் கேட்கவில்லை, பயத்தில் கேட்டாள். அவளைப் பிள்ளையோடு இருக்கச் சொல்லிவிட்டு நான் கீழே இறங்கி, ஹொல்ம்லியா ஸ்டேஷன் பக்கம் காரை நிறுத்திவிட்டு உள்ளேயே இருந்தேன். வேலை முடிந்து ரயிலால் இறங்கிய சனம் பைகளோடு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. எல்லாருக்கும் வீடு இருக்கிறது, என் வீட்டில் மட்டும் நெருப்புப் பிடித்திருக்கிறது என்று நினைத்து அழுதேன்.

அங்கேதான் ஜெபித்தேன். அழகான ஜெபம் இல்லை. ஆண்டவரோடு சண்டை பிடித்தேன் என்றே சொல்லலாம். எனக்கு எந்தப் பல்கலைக்கழகமும் வேண்டாம், பிள்ளையைத் தாரும். எனக்குச் சொல்ல வார்த்தை இல்லை, நீராவது யாருடைய வாயையாவது திறந்துவிடும். இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். ஒரு பதிலும் வரவில்லை. மனம் குளிரவுமில்லை. கண்ணாடியில் மழை பெய்தது, அவ்வளவுதான். போன மாதிரியே திரும்பி வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சபைக்கு மூவரும் போனோம். ஜெமிமாவைத் தனியே விடக்கூடாது என்பதால் என்னோடு பின்வரிசையில் இருத்தினேன். சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் வரலாம் என்று போதகர் அழைத்தார். சுகந்தி எழும்பினாள். இன்னொரு ஸ்தோத்திரம் சொல்லி என் பிள்ளையை மொத்தமாக முடித்துவிடப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். பிடித்து இழுக்க அவள் எனக்கு எட்டவில்லை.

அவள் முன்னால் போய் ஒலிவாங்கியை வாங்கினாள். பிறகு சொன்னாள்:

“வியாழக்கிழமை என்ரை பிள்ளையிட்டைச் சாப்பாடு கொண்டுபோனனான். ‘கடவுள் கதைக்காமல் விட்டிருக்கலாம், அம்மா’ எண்டு சொன்னவள். அவளை அப்பிடிச் சொல்ல வைச்சது கடவுள் இல்லை, நான். ஒரு பிள்ளையின்ரை ஆசையைச் சீட்டிலை எழுதி உங்கள் எல்லாருக்கும் முன்னாலை பைக்குள்ளை போட்டது நான். நீங்கள் அண்டைக்குச் சொன்ன ஆமெனை எனக்குத் திருப்பித் தாங்கோ.”

வியாழக்கிழமை, நான் காருக்குள் இருந்த அதே பின்னேரம்.

ஆமெனை யாரும் திருப்பிக் கேட்டதாக நாங்கள் எங்கே கேள்விப்பட்டிருக்கிறோம்? சொன்ன ஆமெனைத் திருப்பிக் கொடுப்பது எப்படி என்றும் ஒருவருக்கும் தெரியவில்லை. முதலில் எழும்பியது லதா. “நான் திருப்பித் தந்துட்டேன், அக்கா,” என்றாள். பிறகு ரொம்மன் பகுதியிலிருந்து வரும் ஒரு குடும்பம் எழும்பியது. பிறகு ஒவ்வொருவராக எழும்பி, நானும் தந்தேன், நானும் தந்தேன் என்றார்கள். போதகரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். கடைசியில் பின்வரிசையிலிருந்து நான் எழும்பிச் சொன்னேன். சபையில் என் குரல் உரக்கக் கேட்டது அதுதான் முதல் தடவை. ஜெமிமா என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். அத்தனை வாரமும் அவள் அழவேயில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அன்றோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் பொய் சொல்லமாட்டேன். சில நாள் நல்லது, சில நாள் இருட்டு. வைத்தியர் ஒழுங்கு செய்த ஆலோசகரிடம் நீண்டகாலம் போய்வந்தாள். ஆனால் அன்று வீட்டுக்கு வந்து, கொஞ்சம் சோறு தாங்கோ அம்மா என்று கேட்டாள். சுகந்தி பரிமாறும்போது கரண்டி கோப்பையில் தட்டிக்கொண்டேயிருந்தது.

சின்னக் கல்லூரிக்குத்தான் முன்கூட்டி விண்ணப்பித்தாள். கட்டுரையை ஒரே மூச்சில் எழுதினாள். நாங்கள் கையெழுத்து வைத்தோம். இங்கே சாட்சியை முடித்தால் அழகாக இருக்கும். ஆனால் டிசம்பர் நடுப்பகுதியில் பதில் வந்தது. இடமில்லை என்றார்கள்.

திரும்பவும் அந்தக் குழிக்குள் விழுந்துவிடுவாளோ என்று அவளுடைய அறை வாசலிலேயே நின்றேன். சுகந்தி எனக்குப் பின்னால் நின்றாள். ஜெமிமா அழுதுகொண்டுதான் வெளியே வந்தாள். எங்கள் இருவரின் முகத்தையும் பார்த்தாள். பார்த்துவிட்டு, எங்களை அவள்தான் தேற்றினாள்.

“பயப்பிடாதேங்கோ, அப்பா. வேண்டாம் எண்டு சொன்னது கல்லூரிக்காரர். கடவுள் சொல்லேல்லை.”

சகோதர சகோதரிகளே, நான் கேட்ட ஜெபத்துக்கு இதுதான் பதில். மேலே சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அமெரிக்காவை விட்டுவிட்டு, இந்த வருடம் அவள் ஒஸ்லோவிலேயே படிக்கிறாள். பனியை விடவில்லை. பனிமலைக்குப் போகவென்று வாங்கிய சப்பாத்துகள் எங்கள் வாசலை அடைத்துக்கொண்டு கிடக்கின்றன, நான் தினமும் தடக்கி விழப் பார்க்கிறேன். சுகந்தி இப்போதும் உபவாசம் இருக்கிறாள், எதற்கு என்று பிள்ளையிடம் கேட்டுவிட்டு இருக்கிறாள்.

உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை பேசாமல் இருக்கலாம். நீங்களும் எங்கேயாவது காருக்குள் இருந்து, கேட்பார் இல்லை என்று அழலாம். கேளுங்கள். அழகாகக் கேட்கத் தெரியாவிட்டாலும் கேளுங்கள். எனக்குப் பதில் வந்தபோது அது வந்துகொண்டிருப்பது எனக்கே தெரியவில்லை. கல்லூரியில் இடம் கிடைத்த பிள்ளைகளின் சாட்சிகளை நிறைய வாசித்திருப்பீர்கள், அவர்களுக்காகவும் நன்றி சொல்வோம். என் பிள்ளைக்கு இடம் கிடைக்கவில்லை. இன்று காலையில் அவள் கண் விழித்தாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.