கொம்பு பைப்பும் ஞாயித்துக்கெழம கெடுவும்

பொகை புடிக்கிற பைப்பு செய்ற தொழில்ல ஒரே கஷ்டம் இன்னான்னா, கம்முனு ஒரு எடத்துல குந்தணும். நான் காலேஜ்லயே ரெண்டாவது வருசம் எழுந்து வந்தவன். என்ன மாதிரி குந்துன எடத்துல கால் ஆடிக்கினே கீற ஜனங்களே, இது உங்களுக்குத்தான்.

கடைசிக் கட்டை

பட்டாபிராம்ல எங்க ஊட்டு மொட்டமாடி, மேல ஒரு தகர ஷீட்டு, கீழ ஒரு டிரில்லு, தேய்க்கிற மிஷினு. அதான் கம்பெனி. கட்டை பேரு பிரையர். கடலுக்கு அந்தாண்ட வளர்ற ஒரு புதரோட வேர் முண்டு. நெருப்பு வெச்சாலும் சட்டுனு கருகாது. மூணு கட்டை வரவழைச்சேன். ரெண்ட அவசரத்துலயே பொளந்துட்டேன். மூணாவதுக்குத்தான் மொத ஆர்டர் வந்துச்சு. கோவில்பதாகை செல்வராஜ் சாரு, ரிட்டையர்டு ரயில் டிரைவர். மாட்டுக் கொம்பு கணக்கா வேணுமாம். வாய் அகலமா ஆரம்பிச்சு, வளைஞ்சு, வால்ல சிறுத்துப் போவணும்.

எங்க நைனா அம்பத்தூர் எஸ்டேட்ல லேத்து ஓட்றவரு. கட்டைய ஒரு தபா பாத்தாரு, என்ன ஒரு தபா பாத்தாரு.

"கராத்தே பாதி, கிடார் பாதி, காலேஜ் பாதி. ஞாயித்துக்கெழம இது முழுசா முடிஞ்சு கஸ்டமர் கைக்குப் போவல, திங்கக்கெழம காலைல நீ என் கம்பெனி கேட்ல நிக்கிற."

டாக்டர் சொல்லாதது

செல்வராஜ் சாரு கட்டைய பாக்க மாடியேறி வந்தாரு. நாலு படிக்கு ஒரு தபா நின்னு மூச்சு வாங்குனாரு. நெஞ்சுல ஸ்டென்ட் வெச்சு ஆறு மாசமாம். "சார், இதுவும் பொகைதான சார்?"ன்னேன். படிக்கட்டப் பாத்தாரு. யாரும் இல்ல. அப்பவும் கொரல எறக்கித்தான் பேசுனாரு.

"டாக்டர் சிகரெட்டத்தான் உடச் சொன்னாரு தம்பி, பைப்பப் பத்தி வாயே தொறக்கல. ஊட்ல ஷோகேஸ்ல வெக்கன்னு சொல்லிகீறேன், நீயும் வாய தொறக்காத."

காவி

மொதல்ல சதுரக் கட்டையிலயே ஓட்டை போட்டுடணும், அப்பறம்தான் தேய்ச்சு உருவம் கொண்டாரணும். மாத்திப் பண்ணித்தான் மொத ரெண்டு கட்டை போச்சு. இந்த வாட்டி ஒழுங்கா ஓட்டை போட்டேன். தேய்க்க ஆரம்பிச்சா, செவப்பா ஒரு தூசி. அது பாட்டுக்குப் பறந்து பக்கத்தூட்டு வசந்தாக்கா கொடியில குந்திக்கிச்சு. அக்கா வேட்டியோட மேல வந்துச்சு.

"வெள்ளையா காயப்போட்டேன், காவியா எடுக்கறேன். எங்க ஊட்டுக்காரரு இத்த கட்டிக்கினு சாமியாரா போய்ட்டா, நீயாடா வந்து சிலிண்டர் தூக்குவ?"

இன்னும் ஒரே தேய்

சனிக்கெழம மத்தியானம் கொம்பு வந்துடுச்சு. நெசமான கொம்பு. கூடப் படிச்ச அப்பு, இப்ப பார்சல் டெலிவரி, வண்டிய கீழ நிறுத்திட்டு மேல வந்து பாத்தான். "போதும் மச்சான், கைய எடு"ன்னான்.

போதும்னு நிறுத்தத் தெரிஞ்சா நான் ஏன் இந்த நெலமைல கீறேன்? வளைவு இன்னும் கொஞ்சம் ஒல்லியா இருந்தா செமயா இருக்கும்னு தோணுச்சு. இதுல கீது ஒரு சூது. வெளிய கொம்பு வளையும், உள்ள பொகை போற ஓட்டை வளையாது. டிரில்லு நேராத்தான போவும்! வளைவுல தேய்க்கத் தேய்க்க, தோலுக்குக் கீழ அந்த ஓட்டை வந்துகினே இருக்கும். இன்னும் ஒரே தேய்னு வெச்சேன். எள்ளு சைசுல கருப்பா ஒரு புள்ளி. வால்ல வாய வெச்சு ஊதுனேன். காத்து புள்ளி வழியா வந்து என் மூக்குலயே அடிச்சுது. அப்பு ஹெல்மெட்ட எடுத்து மாட்டிக்கினான்.

"மாமே, அவரு பைப்பு கேட்டாரு, நீ புல்லாங்குழல் செஞ்சுகீற."

ஷோகேஸ்

பசையில தூசியக் கொழைச்சு அடைச்சா கண்ணுக்குத் தெரியாது. நைனாவுக்கும் தெரியாது. ஆனா சூடேறுனா அந்தப் பசைப் பொகை நேரா ஸ்டென்ட் வெச்ச நெஞ்சுக்குப் போவும். பசைய கொழைச்சிட்டேன், அடைக்க கை வரல. பசையத் தூக்கிப் போட்டுட்டு, பைப்புக்கு பாலீஷ் மட்டும் போட்டேன்.

ஞாயித்துக்கெழம, செல்வராஜ் சாரு ஊட்ல சர்ச்சு முடிஞ்சு வந்ததும் போனேன். அவரு ஊட்டம்மா கிரேஸ் டீச்சர்தான் கதவத் தொறந்தாங்க. சாரு பைப்ப வாங்கித் தடவித் தடவிப் பாத்தாரு, கொழந்த மாதிரி. நான் தலைய தொங்கப் போட்டுக்கினு சொல்லிட்டேன்: "சார், வளைவுல ஓட்டை வுழுந்துச்சு. பொகை இழுக்க முடியாது. வேணாம்னா சொல்லுங்க, எடுத்துக்கினு போய்டறேன்." அவரு மூஞ்சி சிக்னல் கெடைக்காத வண்டி மாதிரி நின்னு போச்சு. "வேற ஒண்ணு..."ன்னு ஆரம்பிச்சாரு.

டீச்சர் பைப்ப அவரு கையிலர்ந்து வாங்குனாங்க. வெளிச்சத்துல புடிச்சு அந்தப் புள்ளியப் பாத்தாங்க. "ஷோகேஸுக்குத்தானங்க கேட்டீங்க?"ன்னாங்க. சாரு ஃபேனப் பாத்தாரு. டீச்சர் பைப்ப கண்ணாடிக்குள்ள வெச்சுப் பூட்டி, சாவிய பைபிள் பையில போட்டுக்கினு என் பக்கம் திரும்புனாங்க.

"ரொம்ப நல்லா செஞ்சிருக்க தம்பி, அந்த ஓட்டைய சரி பண்ணிக் குடுன்னு யாராவது கேட்டா மொதல்ல எனக்குப் போன் போடு."

"முழுசா முடிச்சு கஸ்டமர் கையில குடுத்துட்டேன் நைனா"ன்னு அன்னிக்கு ஊட்ல சொன்னது சத்தியமா நெசம், எந்தக் கஸ்டமர் கையிலன்னு அவரும் கேக்கல, நானும் சொல்லல.