நானூறு ரூபாய் வகுப்பு

பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு வகுப்பு நடத்துகிறார்கள் என்று தெரிந்தபோது எனக்கு ஐந்தாம் மாதம். ஒரு வகுப்பு இலவசம், இன்னொன்றுக்கு நானூறு ரூபாய். புத்தியுள்ள யாரும் இலவசத்தைத்தான் எடுப்பார்கள். நாங்கள் நானூறு ரூபாயைக் கட்டினோம். கேட்டவர்களிடமெல்லாம் அங்கே மூச்சுப் பயிற்சி விசேஷம் என்று சொல்லிவைத்தேன். பச்சைப் பொய். இத்தனை வருஷம் கழித்து உண்மையைச் சொல்ல என்ன வெட்கம்? அங்கே போனால் என் புருஷன் என் கையைப் பிடிப்பார். அதற்குத்தான் கட்டினோம்.

அப்போது நாங்கள் அம்பாசமுத்திரத்தில் இருந்தோம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி, கல்யாணமாகி ஒன்றரை வருஷம். வீட்டில் மாமா, அத்தை, இவருடைய இரண்டு தங்கைகள், இவர், நான். இவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வகுப்பில் இவர் தொண்டை தெருமுனை வரைக்கும் கேட்கும் என்பார்கள். வீட்டிலோ, வெளிச்சம் இருக்கும்வரை என்னோடு ஒரு வார்த்தை கிடையாது. கோபம் ஒன்றும் இல்லை, அந்த வீட்டு வழக்கம் அப்படி. தண்ணீர் வேண்டுமென்றால் தங்கையிடம் கேட்பார், அவள் என்னிடம் கேட்பாள், நான் அவளிடம் கொடுப்பேன். தாலுகா ஆபீசுக்குப் போட்ட மனு மாதிரி ஒரு செம்புத் தண்ணீர் ஊரைச் சுற்றிப் போய்ச் சேரும். ராத்திரியாவது பேசலாம் என்றால், பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் மாமா இருமுவார். பகலில் நாங்கள் பேசிக்கொண்டதையெல்லாம் ஒரு போஸ்ட் கார்டில் எழுதினால் விலாசத்துக்கு மேலேயும் இடம் மிச்சமிருக்கும்.

இலவச வகுப்பு அரசாங்க ஆஸ்பத்திரியில், வியாழக்கிழமை காலையில். அத்தைதான் என்னைக் கூட்டிப் போவார். அதைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். அந்த நர்ஸம்மா மாதிரி ஒரு வாத்தியாரை நான் காலேஜில்கூடப் பார்க்கவில்லை. சத்து மாத்திரையை எப்போது விழுங்குவது, கால் வீங்கினால் எப்போது பயப்படுவது, இடுப்பு வலி வந்தால் எப்படி மூச்சு விடுவது என்று ஒன்று விடாமல் சொல்வார். அத்தை மட்டும் அவரோடு மல்லுக்கு நிற்பார். பிள்ளை பிறந்ததும் சீனித்தண்ணீரைத் தொட்டுச் சேனை வைக்கக் கூடாது, தாய்ப்பால்தான் கொடுக்க வேண்டும் என்று நர்ஸம்மா சொன்ன அன்றைக்கு அத்தைக்குப் பொறுக்கவில்லை.

"எங்க வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் சேனை வச்சுத்தான் வளத்தோம். எல்லாம் வாய் கிழியப் பேசத்தான் செய்யுது."

"அதைக் கொறைக்கத்தான் சொல்லுதேன் ஆச்சி" என்றார் நர்ஸம்மா.

ஒரு வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விடுமுறை. இவரும் ஆசையாகக் கிளம்பி வந்தார். "ஆம்பளையாளுக்கு இங்கன என்ன சோலி?" என்று கேட்டுச் சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கம் அனுப்பிவிட்டார்கள். ஒரு மணி நேரம் வெயிலில் சைக்கிள்களுக்குக் காவல் நின்றார் மனுஷன்.

நானூறு ரூபாய் வகுப்பைப் பற்றிக் கூட வேலை பார்க்கும் வாத்தியார் ஒருவர் இவரிடம் சொல்லியிருக்கிறார். பாளையங்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி மாடியில், சனிக்கிழமை மத்தியானம், எட்டு வகுப்பு. புருஷனும் கூட வந்தே ஆகவேண்டும், அது சட்டம். முதல் வகுப்பைச் சும்மா பார்க்கலாம். பிடித்தால் எட்டுக்கும் சேர்த்துப் பணம் கட்ட வேண்டும், கட்டினால் திரும்பக் கிடைக்காது. பார்த்துவிட்டு வருகிறோம் என்று சொல்லிவிட்டு ரயிலேறினோம்.

மாடியில் பாய் விரித்திருந்தது. ஏழு ஜோடிகள். பெங்களூரில் படித்துவிட்டு வந்திருந்த டீச்சரம்மா எல்லோரையும் சப்பணமிட்டு உட்காரச் சொன்னார். "இப்போது கணவர்கள் எல்லாரும் மனைவி கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்றார். ஒருவரும் அசையவில்லை. ஏழு ஆம்பிளைகளும் மின்விசிறியை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதுவரை காணாத மின்விசிறி! அந்த நேரம் பார்த்து எதிர்ப் பாயில் இருந்த பெரிய மீசைக்காரர் இவரைப் பார்த்துவிட்டு விருட்டென்று எழுந்து நின்றார். "வணக்கம் சார்!" இவரிடம் பத்தாவது படித்தவராம். இவர் முகம் போன போக்கைச் சொல்லி முடியாது. "ஒக்காருலே" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "நீங்க ஒக்காருங்க சார்" என்றார் அவர். உட்கார்ந்திருக்கிறவரை இனி எங்கே உட்கார வைப்பது? டீச்சரம்மா வந்து இருவரையும் சேர்த்து அதட்டிய பிறகுதான் இவர் என் கையைப் பிடித்தார். இரண்டு விரலால், கசங்காமல், ஹெட்மாஸ்டரிடம் கொடுக்க வேண்டிய காகிதம் போல. மூச்சை நாலு எண்ணி இழுக்கச் சொன்னார்கள். நான் இரண்டு வரை இழுத்தேன், மூன்றில் சிரிப்பு பீறிட்டது. இவருக்கும் தொற்றிக்கொண்டது. நாங்கள் சிரிக்க, மீசைக்காரர் பெண்டாட்டி சிரிக்க, கடைசியில் அந்த மாடியில் மூச்சு விட யாருக்கும் முடியவில்லை.

திரும்பும்போது ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்து வாத்தியார் முறையாகக் கணக்குப் போட்டார்.

"வியாழக்கிழமை அந்த நர்ஸம்மா சொல்லுததுல எதும் விட்டுப்போச்சா?"

"ஒண்ணும் விட்டுப்போகல. இவங்க சொன்னதெல்லாம் அவங்களும் சொல்லியாச்சு. படங்கூட அதே படந்தான். அங்கன ஆணியில தொங்குது, இங்கன கண்ணாடி போட்டிருக்காங்க."

"அப்போ பிள்ளைக்கு அது போதும்."

சேரன்மகாதேவி வந்தது. அவித்த பனங்கிழங்கு விற்றுக்கொண்டு போனார்கள். இவர் ஒரு கட்டு வாங்கி, ஒன்றின் தும்பை உரித்து என்னிடம் நீட்டினார். என்னைப் பார்க்காமல், வெளியே வயலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "நமக்கு?"

 ஒன்றரை வருஷத்தில் அந்த மனுஷன் வாயிலிருந்து வந்த காதல் வசனம் இது ஒன்றுதான். நாலே எழுத்து. எனக்கு அதுவே யதேஷ்டம்.

அத்தையிடம் கேட்கும்போது இவர் மூச்சுப் பயிற்சியைப் பற்றி ஒரு பிரசங்கமே செய்தார். அத்தை அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டுவிட்டு, "மூச்சு விடவால நானூறு ரூவா?" என்றார். மாமா பேப்பரை இறக்காமலே, "வாத்தியாருக்குப் படிக்க ஆசையா இருக்கு, போட்டும்" என்றார். மாமா சொன்னால் அத்தை மறுபேச்சுப் பேச மாட்டார். ஆனால் வியாழக்கிழமையையும் விடக் கூடாது என்று நிபந்தனை போட்டார். இரண்டு வகுப்புக்கும் போனேன். வியாழக்கிழமை கற்றதைச் சனிக்கிழமை ஒப்பிப்பேன். டீச்சரம்மா என்னை மெச்சுவார், இவர் தன் மாணவி முதல் மார்க் வாங்கியது போல அந்த மீசைக்காரரைப் பார்ப்பார்.

அந்தச் சனிக்கிழமைகளை எப்படிச் சொல்ல? போக ஒரு ரயில், வர ஒரு ரயில், நடுவே இரண்டு மணி நேரம். இரண்டு விரலாகப் பிடித்த கையை மூன்றாவது வகுப்பில் முழுசாகப் பிடித்தார். இவருக்கு வேர்க்கடலை பிடிக்காது என்பதும், சின்ன வயதில் பாபநாசம் படித்துறையில் வழுக்கி விழுந்ததால் ஆற்றைக் கண்டால் இன்னும் பயம் என்பதும் எனக்கு அந்த ரயிலில்தான் தெரிந்தது. புருஷனைப் புதிதாகப் பெண் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலாவது சனிக்கிழமை அத்தை புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றார். "அப்பிடி என்னதான் நடத்துதாங்கன்னு நானும் வந்து பாக்கேன்."

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அன்றைக்கென்று இடுப்பு வலிக்கு முதுகைத் தேய்த்துவிடும் பாடம். அத்தை சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பெற்ற தாய்க்கு முன்னால், பட்டப்பகலில், இவர் என் முதுகைத் தேய்க்க வேண்டும். ஒருதரம் மின்விசிறியைப் பார்த்தார். ஆனால் தேய்த்தார். மேலிருந்து கீழே, பைய, டீச்சரம்மா சொன்ன மாதிரியே. அத்தை எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. மகனுடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.  வீடு வந்த பிறகும் அதைப் பற்றிப் பேச்சில்லை. அடுத்த சனிக்கிழமை போகவிடுவாரோ மாட்டாரோ என்று வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. போகாதே என்று சொல்லவில்லை, போனோம்.

அதற்குள் ஏழாம் மாதம் வந்து வளைகாப்புக்கு நாள் குறித்துவிட்டார்கள். வளைகாப்பு முடிந்த கையோடு பிறந்த வீட்டார் கூட்டிப்போய்விடுவார்கள், தலைப்பிரசவம் களக்காட்டில்தான். ஐந்து வகுப்பு முடிந்து மூன்று பாக்கி. அந்த மூன்றும் வேண்டும் என்று எந்த வாயால் கேட்பது? புருஷன் கையைப் பிடிக்க ஆசையாக இருக்கிறது என்றா? இனி பிள்ளை பிறந்த பிறகுதான் இவர் முகத்தைப் பார்ப்பேன் என்று நினைத்தபோது அழுகை முட்டியது. வளைகாப்பு அன்றைக்கு இரண்டு கையிலும் வளையல் நிறைந்திருந்ததால் கண்ணைத் துடைத்தால் ஊருக்கே கேட்கும். இவர் வாசலில் காருக்குப் பக்கத்தில் சும்மா நின்றார். கேட்க இவருக்கும் வாய் வரவில்லை.

"நல்ல நேரம் முடியுததுக்குள்ள கெளம்பிருவோம் மதினி" என்றார் என் அம்மா.

"கூட்டிட்டுப் போங்க" என்றார் அத்தை. "ஆனா சனிக்கிழமை மத்தியானம் இவளப் பாளையங்கோட்டையில கொண்டாந்து விட்டுரணும். இவன் அங்கன வந்து நிப்பான்."

என் அம்மா திகைத்துப்போனார். "ஏழு மாசக்காரிய அம்புட்டுத் தூரம் அலைக்கழிக்கவா? எங்க ஊரு ஆஸ்பத்திரியிலயும் சும்மாவே சொல்லித் தாராங்களே."

"நானூறு ரூவா மதினி. கெட்டுனா கெட்டுனதுதான், திருப்பித் தரமாட்டான். இன்னும் மூணு வகுப்பு கெடக்கு. அத எப்பிடி விடுதது?"

 கட்டிய பணத்தை விட்டுவிடு என்று வாதாட எங்கள் இரண்டு குடும்பத்திலும் ஆள் கிடையாது. களக்காட்டில் வாழைத்தார் வியாபாரம் பார்க்கும் என் அப்பா, "நியாயந்தானே" என்று தலையாட்டினார். கார் ஏற்பாட்டையும் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். புத்திசாலித்தனமாக இலவசத்தோடு நின்றிருந்தால் அத்தைக்கு அன்றைக்குச் சொல்ல ஒரு காரணமும் இருந்திருக்காது.

காரில் ஏறி உட்கார்ந்தேன். அத்தை ஜன்னல் வழியே என் கையைப் பிடித்து, இறுகியிருந்த ஒரு வளையலைத் தளர்த்துவது போலக் குனிந்தார்.

"மூணு பெத்தேன் பிள்ள. ஒரு பேறுகாலத்துக்கும் ஒங்க மாமா வந்து எட்டிக்கூடப் பாக்கல. பக்கத்துல ஆள் இருந்தா எப்பிடி இருக்கும்னு அன்னைக்குத்தான் பாத்தேன்."

 அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். டிரைவர் ஹாரன் அடித்தார். அத்தை விடவில்லை.