ஃபார்மட் அடிக்க விடாதவள்

என் மனைவி கெசியாவைப் பற்றி எழுத எனக்குத் தகுதி கிடையாது. இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் 2007 மார்ச் மாதம் ஆம்பூரில் நடந்ததை ஆளாளுக்கு ஒரு விதமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். நான் ஜோலார்பேட்டை ஸ்டேஷனில் பாயிண்ட்ஸ்மேன். அங்கே பிளாட்பாரத்தில் ஒருத்தன் என்னிடமே வந்து, "கம்ப்யூட்டர்ல வைரஸ் வுட்டு கம்பெனியையே மடக்குனாளாமே ஒரு பொம்பள, தெரியுமா?" என்று கேட்டான். எனக்கு வந்ததே கோபம்! வண்டி வருகிற நேரம், கையில் கொடி இருந்தது, அதனால் பிழைத்தான். அந்த மாதிரி ஆட்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கெசியா பேரணாம்பட்டுக்காரி. பத்தாவது முடித்த கையோடு ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சேர்ந்தாள். பதினோரு வருஷம் செக்கிங் டேபிள். ஷூவின் மேல்பாகத்தை அப்பர் என்பார்கள். தைத்து வருகிற ஒவ்வொரு அப்பரையும் விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, குறை இருக்கிற இடத்தில் சில்வர் பேனாவால் வட்டம் போட வேண்டும். எட்டு மணி நேரமும் நின்றபடியேதான் வேலை. வட்டம் போடுவதில் அவள் ஈவு இரக்கம் பார்க்க மாட்டாள். ஒரு தடவை நான் துவைத்துப் போட்ட வெள்ளைச் சட்டையின் காலரில் அழுக்கு இருந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டம் போட்டு, மறுபடி என் கையிலேயே கொடுத்தாள்.

வேலைக்குப் போய்க்கொண்டே சாயங்கால வகுப்பில் கம்ப்யூட்டர் படித்தாள். வேலூரில் ஒரு கடையில் அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் வாங்கி, மானிட்டரை நானும் பெட்டியை அவளுமாக மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தோம். ஒவ்வொரு மாடல் ஷூவுக்கும் எந்த நூல், ஓர் அங்குலத்துக்கு எத்தனை தையல் என்றெல்லாம் இங்கிலீஷில் ஒரு தாள் வரும், ஸ்பெக் ஷீட் என்று. லைனில் தைக்கிற பெண்களில் பாதிப் பேருக்கு அது புரியாது. கெசியா அதை வீட்டில் உட்கார்ந்து தமிழில் அடித்து எடுத்துப்போய்க் கொடுக்க ஆரம்பித்தாள். யாரும் சொல்லிச் செய்யவில்லை. ஃபேக்டரி மேனேஜர் ரஷீத் அஹமது அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, சாம்பிள் ரூமில் அவளுக்கு ஒரு கம்ப்யூட்டரும் நாற்காலியும் போட்டுக் கொடுத்தார். லைனில் நின்ற பெண் ஒருத்தி அந்தக் கம்பெனியில் நாற்காலியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அது போய்விடும் என்ற நிலைமை நாலே மாதத்தில் வந்தது.

மார்ச் 9, வெள்ளிக்கிழமை. வேலை மிச்சம் இருந்ததால் ஷீட்டுகளைப் பென் டிரைவில் போட்டு வீட்டுக்கு எடுத்து வந்தாள். சும்மா எடுத்து வர முடியாது. தோல் கம்பெனி கேட்டில் சோற்று டப்பாவைக்கூடத் திறந்து பார்ப்பார்கள். எது வெளியே போனாலும் கேட் பாஸ் வேண்டும், பொருளின் பெயர், வெளியே போன நேரம், வாட்ச்மேன் கையெழுத்து எல்லாம் சேர்த்து. வீட்டில் வேலையை முடித்து, சனிக்கிழமை காலை பென் டிரைவைத் திரும்ப சாம்பிள் ரூமில் செருகினாள். மத்தியானத்துக்குள் ஆபீஸில் இருக்கிற அத்தனை கம்ப்யூட்டரும் படுத்துவிட்டன.

கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற ஜோவின் என்ற பையன், வந்து பார்த்த அஞ்சாவது நிமிஷம் தீர்ப்பு சொல்லிவிட்டான். "கெசியாக்கா வூட்லேர்ந்து பென் டிரைவ் கொண்டாந்தாங்க. அதுல வந்த வைரஸ்தான்." சாயங்காலத்துக்குள் எல்லாக் கம்ப்யூட்டரையும் ஃபார்மட் அடித்தான், அதாவது உள்ளே இருப்பதையெல்லாம் ஒட்டுமொத்தமாகத் துடைத்துவிட்டான். கேன்டீன் சுவரில் கெசியாவின் பெயர் போட்டு நோட்டீஸ் ஒட்டினார்கள், அவளுடைய கவனக்குறைவால் கம்பெனிக்கு நஷ்டம் என்று. அறுநூறு பேர் சாப்பிடுகிற இடம் அது. பர்சனல் மேனேஜர் கிருபானந்தம் அவளிடம் ஒரு மெமோ கொடுத்தார். திங்கட்கிழமை மன்னிப்புக் கடிதத்தோடு வர வேண்டும், வீட்டுக் கம்ப்யூட்டரையும் கொண்டுவர வேண்டும், ஜோவின் அதையும் ஃபார்மட் அடித்துக் கொடுப்பான். கடிதம் வராவிட்டால் பழையபடி செக்கிங் டேபிள்.

வீட்டுக்கு வந்து மெமோவை என் முன்னால் போட்டாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒரு கையெழுத்துதானே, போட்டுத் தொலையேன்."

"இன்னாங்க பேசறீங்க? நான் செய்யாததுக்கு நான் எதுக்குப் போடணும்?"

"நீ செய்யலைன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. அதான் பாக்கணும். பாக்காமயே ஜோவினுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

அதோடு நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நான் அதைச் செய்யவில்லை. அவள் சமையலில் இருந்தபோது வெள்ளைத்தாள் எடுத்து நானே ஒரு கடிதம் எழுதினேன். எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்துதான் வைரஸ் வந்தது, என் மனைவி தெரியாமல் செய்துவிட்டாள், மன்னித்து அவள் வேலையைக் காப்பாற்றுங்கள் என்று. கிருபானந்தம் எங்கள் சர்ச்சில் முன் வரிசையில் உட்காருகிறவர். ஆராதனை முடிந்ததும் கையில் கொடுத்துவிட்டால் காதும் காதும் வைத்த மாதிரி முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன்.

ஞாயிறு காலை நான் கிளம்பும்போது அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். தலைகூட வாரவில்லை. திரையில் ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் அதே பெயரில் இன்னொரு ஃபோல்டர் முளைத்திருந்தது. என்னென்ன ஓடுகிறது என்று பார்ப்பதற்கு மூன்று பொத்தான்களை ஒன்றாக அழுத்தினாள். அட்மினிஸ்ட்ரேட்டர் இதைத் தடை செய்திருக்கிறார் என்று இங்கிலீஷில் ஒரு கட்டம் வந்தது.

"அட்மினிஸ்ட்ரேட்டரா? இந்த வூட்ல நான்தான் அட்மினிஸ்ட்ரேட்டர். நான் எப்படா தடை பண்ணேன்?" என்று திரையைப் பார்த்துக் கத்தினாள்.

"சர்ச்சுக்கு வரல?"

"ஆண்டவருக்குத் தெரியும். போய்ட்டு வாங்க."

போனேன். பெனடிக்‌ஷன் என்கிற ஆசீர்வாத ஜெபம் முடிந்ததும் வேப்பமரத்தடியில் கிருபானந்தத்திடம் கடிதத்தைக் கொடுத்தேன். அவர் படித்துப் பார்த்து, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு என் தோளைத் தட்டினார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, வெட்கங்கெட்டவன் நான்.

திரும்பி வந்தபோது அவள் வேறு ஆளாக இருந்தாள். "இங்க உக்காருங்க" என்றாள். "இது ஜோவின் சொல்ற மாதிரி சாதா வைரஸ் இல்ல. வார்ம்னு சொல்லுவாங்க, புழு. பென் டிரைவ் செருகுனா போதும், தன்னைத்தானே காப்பி பண்ணிக்கும். நாம ஃபோல்டர்னு நெனச்சு ரெண்டு தரம் தட்டறமே, அது ஃபோல்டரே இல்ல. புழுதான் ஃபோல்டர் படத்தைப் போத்திக்கினு உக்காந்திருக்கு."

அதனால் அவள் எதையும் தட்டித் திறக்கவில்லை. கம்ப்யூட்டரை நிறுத்தி, மறுபடி கிளம்பும்போது எஃப் எட்டு பொத்தானை அழுத்தி, எழுத்து மட்டும் அடிக்கிற கறுப்புத் திரைக்குப் போயிருந்தாள். அங்கே புழு தானாகக் கிளம்பாதாம். பென் டிரைவைச் செருகி, ஒளிந்திருக்கிற ஃபைல்கள் உட்பட எல்லாவற்றையும் அவை உண்டான நேரத்தோடு காட்டச் சொல்லி அடித்தாள். நாங்கள் ஜாதகம் பார்க்காத குடும்பம். அன்றைக்கு ஒரு புழுவுக்குப் பிறந்த நேரம் பார்த்தோம்.

பென் டிரைவில் இருந்த புழு: 9ஆம் தேதி மாலை 5.14. வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்த புழு: அதே 9ஆம் தேதி, 7.48. ஹேண்ட்பேகிலிருந்து கேட் பாஸின் கார்பன் காப்பியை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். பென் டிரைவ் ஒன்று, வெளியே போன நேரம் 5.50.

"அஞ்சே காலுக்கு இந்தப் பென் டிரைவ் எங்க இருந்துச்சு?"

"கம்பெனிலதான்."

"அப்ப இது யார் வூட்லேர்ந்து யார் வூட்டுக்கு வந்துச்சு?"

கடிதம் கொடுத்ததை அவளிடம் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். "சாப்பிட்டியா?" என்று கேட்டேன், மடையன்.

நேரங்களையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்ட பிறகுதான் அழிக்க ஆரம்பித்தாள். கம்ப்யூட்டர் கிளம்பும்போதே புழுவையும் கிளப்பிவிடுகிற வரியைக் கண்டுபிடித்து எடுத்தாள், புழுவை அழித்தாள், கம்ப்யூட்டரை மறுபடி போட்டாள். பழையபடி வந்து நின்றது சனியன். எங்கேயோ ஒரு காப்பி மிச்சம். "வுட மாட்டேன்டா" என்றாள். பெயர்தான் வேறு வேறு, எல்லாப் புழுவும் ஒரே சைஸ் என்பதை அவள் கவனித்திருந்தாள். சைஸை வைத்துத் தேடினாள். அறுபத்து மூன்று கிடைத்தன. அத்தனையையும் அழித்துவிட்டு மூன்று தரம் நிறுத்தி நிறுத்திப் போட்டுப் பார்த்தாள். மூன்று பொத்தானை அழுத்தியதும் வர வேண்டியது ஒழுங்காக வந்தது. அப்போது மணி நாலு. எங்கள் கல்யாண போட்டோ, அவள் அடித்து வைத்த ஷீட் எதுவும் போகவில்லை. பென் டிரைவை மட்டும் தொடாமல், புழுவோடு அப்படியே ஒரு கவரில் போட்டு ஒட்டினாள்.

திங்கட்கிழமை கம்ப்யூட்டர் வீட்டிலேயே இருந்தது. கவரும் நோட்டும் கேட் பாஸும்தான் போயின. அங்கே நடந்தது அன்வரி பேகம் சொல்லி எனக்குத் தெரியும். பதினோரு வருஷம் கெசியாவின் பக்கத்து டேபிளில் நின்றவர் அவர். சாட்சிக்கு வேண்டும் என்று அவரைக் கையோடு அழைத்துப் போயிருந்தாள்.

ரஷீத் அஹமது மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். கிருபானந்தமும் ஜோவினும் பக்கத்தில். கெசியா நின்றபடியே கேட்டாளாம். "சார், ஒரு அப்பர்ல ஓட்டை இருக்குது. மொதல்ல இன்னா கேப்பீங்க?"

"இது இன்னா கேள்வி? தோல் மால்லயே வந்துச்சா, நம்ம டேபிள்ல ஆச்சான்னு கேப்பேன்."

"கேக்காம யாரையாச்சும் திட்டுவீங்களா?"

"மாட்டேன்."

"அப்ப இதுக்கும் கேளுங்க சார்."

நோட்டையும் கேட் பாஸையும் வைத்தாள். எல்லாரையும் சாம்பிள் ரூமுக்கு அழைத்துப் போய், கறுப்புத் திரையில் பென் டிரைவைக் காட்டினாள். ஜோவின், "டைமை யார் வேணா மாத்தலாம் சார்" என்றான். "மாத்தலாம். அதே டிரைவ்ல என் ஷீட்டு 5.16னு இருக்கு. அதை அப்பவே பிரிண்ட் எடுத்தேன், அடில டைம் விழுந்திருக்கு, அதுல ரஷீத் சாரே இன்ஷியல் போட்டிருக்காரு. புழு அதுக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடி வந்திருக்கு" என்றாள். ரஷீத் அஹமது ஜோவினைப் பார்த்து, "இந்த ரூம் கம்ப்யூட்டர்ல எப்ப வந்துச்சுன்னு காட்டு" என்றார். எப்படிக் காட்டுவான்? எல்லாவற்றையும் சனிக்கிழமையே துடைத்தாகிவிட்டது.

அந்த நேரத்தில்தான் கிருபானந்தம் என் கடிதத்தை எடுத்தார். "உன் வூட்டுக்காரரே ஒத்துக்கினு எழுதிக் குடுத்திருக்காரேம்மா."

கெசியா வாங்கிப் படித்தாள். அன்வரி பேகம் என்னிடம் சொன்னார். "நமக்கே பயமாயிடுச்சுப்பா, அழுதுடுவாளோன்னு." அழவில்லை. தாளை மேஜைமேல் வைத்துவிட்டுச் சொன்னாள். "அவர் ரயில்வேல வேலை செய்யறாரு சார். இந்தக் கம்பெனில வேலை செய்யறது நான். என்னைக் கேளுங்க."

ரஷீத் அஹமது தாளை எடுத்துக் கிருபானந்தத்திடமே திருப்பிக் கொடுத்தார். பிறகு, "சரி, நோட்டீஸைக் கிழிச்சுடலாம். போய் சீட்ல உக்காரு" என்றார்.

"கிழிச்சா போதாது சார். ரெண்டு வேளை டீக்கு வந்த அறுநூறு பேரும் படிச்சிருக்காங்க. கெசியா மேல தப்பில்லன்னு எழுதி அதே எடத்துல ஒட்டுங்க. அது வரைக்கும் நான் உக்கார மாட்டேன்."

"இன்னாம்மா பேஜார் பண்றே!"

"பேஜார் பண்ணது நான் இல்ல சார்."

மத்தியானச் சாப்பாட்டு மணி அடிப்பதற்கு முன்னால் ஒட்டினார்கள். ரஷீத் அஹமதுவின் கையெழுத்தோடு.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் செருப்பைக் கழற்றிவிட்டு, "சேர் கெடச்சிடுச்சு" என்றாள். நேராகச் சமையலுக்குப் போனாள். நானாக அவள் முன்னால் போய் நின்ற பிறகுதான் கடிதத்தைப் பற்றிப் பேசினாள். "அவங்க நம்பலைன்னப்ப எனக்குக் கோவம்தாங்க வந்துச்சு. உங்க எழுத்தைப் பாத்தப்பதான் அழுகை வந்துச்சு. அவங்க முன்னாடி அழக்கூடாதுன்னு நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது."

மறுநாள் டியூட்டியை மாற்றிக்கொண்டு கம்பெனிக்குப் போய் என் கடிதத்தைத் திருப்பிக் கேட்டேன். கிருபானந்தம் சிரித்தார். "அதான் எல்லாம் முடிஞ்சு போச்சே. அது இப்ப வெத்துப் பேப்பர் இன்பராஜ்."

"வெத்துப் பேப்பர்னா குடுத்துடுங்க சார்."

"ஃபைல்ல சேத்தாச்சுப்பா."

"ஃபைலை எடுங்க. அதுல இருக்கறது பொய். நான் பாக்காததைப் பாத்த மாதிரி எழுதிட்டேன். அது எங்க வூட்லேர்ந்து வரல. உங்க ஆபீஸ்லேர்ந்துதான் எங்க வூட்டுக்கு வந்துச்சு." ஆபீஸே திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்திவிட்டேன். சர்ச்சில் முன் வரிசை ஆளாவது பின் வரிசை ஆளாவது! வாங்காமல் நான் நகரவில்லை.

சாயங்காலம் அதை அவளிடம் கொடுத்தேன். நின்றபடியே முழுக்கப் படித்தாள். அடியில் "தங்கள் கீழ்ப்படிந்துள்ள" என்று போட்டுக் கையெழுத்திட்டிருந்தேன்.

"யாருக்குங்க கீழ்ப்படிஞ்சீங்க?"

உண்மையைச் சொன்னேன். "பயத்துக்கு."

"உங்க பயத்துக்கு என் பேரை எதுக்கு எழுதினீங்க?"

நான் தாளை வாங்கிப் பார்த்தேன். என் பெயர் அதில் ஒரு தடவைதான் இருந்தது. அவள் பெயர் நாலு தடவை.