தட்டின் தடிமன்

வியட்நாமில், சைகோனில் நான் வேலைக்குச் சேர்ந்த ஆராய்ச்சிக் குழுவில் தமிழ் பேச ஒருவர் இருந்தார். சென்னைக்காரர், என்னைவிட ஐந்து வயது இளையவர். முதல் நாளே அக்கா என்று கூப்பிட்டார். நான்கு வருடமாக ஒரே ஒரு கருந்துளையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அதைச் சுற்றிச் சுழலும் வாயுத் தட்டில் எக்ஸ் கதிர்கள் பட்டுத் திரும்புகின்றன. அப்படி வரும் ஒளியின் நிறமாலையில் இரும்பு அணுக்கள் பதிக்கும் கோடு எவ்வளவு இழுபட்டிருக்கிறது என்று பார்த்தால், கருந்துளை எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்று சொல்லலாம். ஏறக்குறைய உச்ச வேகம் என்பது அவருடைய விடை. முனைவர் பட்ட ஆய்வேடு முழுவதும் அதை நம்பித்தான் நின்றது.

அவர் பயன்படுத்திய கணித மாதிரியைச் சோதிக்கும் வேலை எனக்கு வந்தது. தட்டு காகிதம் போல மெல்லியது என்று அது வைத்துக்கொள்கிறது. நான் கணினியில் தடித்த தட்டு ஒன்றை உண்டாக்கி, சுழற்சியை உச்ச வேகத்தில் பாதியாக வைத்து, அதிலிருந்து போலித் தரவு எடுத்துக் கொடுத்துப் பார்த்தேன். மாதிரி உச்ச வேகம் என்றது. வரைபடத்தில் தரவும் மாதிரியும் ஒரு பிசிறுகூட இல்லாமல் பொருந்தின. என் தவறாக இருக்கட்டும் என்று ஒரு வாரம் தேடினேன். கிடைக்கவில்லை. அவருடைய கருந்துளையிலும் தட்டு தடித்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

பென்-தான் என்னும் பெரிய சந்தைக்குப் பின்னால், மழைக்கு ஒதுங்கிய காப்பிக் கடையில் அவரிடம் சொன்னேன்.

"ஃபிட் அவ்ளோ க்ளீனா இருந்துச்சே அக்கா."

"தப்பான மாடலும் அப்படியே பொருந்துதுப்பா. அதான் பயமா இருக்கு."

அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "டிசம்பர்ல தீசிஸ் வைவா. அதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லாம இருக்க முடியுமா?"

இன்னொரு முறை கேட்டிருந்தால் சரி என்றிருப்பேன். அவரே எழுந்துகொண்டு, "வேணாம். நான் கேட்டதா நெனைக்காதீங்க" என்றார்.

மறுநாள் அவரே பேராசிரியரிடம் போய்ச் சொன்னார். கடைசி அத்தியாயத்தில் சுழற்சியைத் தீர்மானிக்க இயலாது என்று மாற்றி எழுதினார். தேர்வாளர்கள் இது போதாது, இன்னும் இரண்டு வருட வேலை வேண்டும் என்றார்கள். அவருக்கு விசா முடியவிருந்தது. மனமும் விட்டுப்போயிருந்தது. ஊர் திரும்பும் அன்று விமான நிலையத்தில், "நீங்க எழுதுற பேப்பர்ல என் பேர் வேணாம்க்கா" என்று மட்டும் சொன்னார்.

அந்தச் சோதனை பற்றிய என் கட்டுரை வெளிவந்தது, பாராட்டினார்கள். அவருக்கும் அனுப்பினேன். பதில் வரவில்லை. ஒரு டியூஷன் சென்டரில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறார் என்று பிற்பாடு வேறு யாரோ சொல்லித்தான் தெரிந்தது.